தாதுக்குவியல்களைக் கலந்து ஊட்டினால் உலோக மீட்பு உயருமா?

சுரங்கத்திலிருந்து வரும் தாதுவைத் தரவாரியாகத் தனித்தனிக் குவியல்களாக வைத்து, அவற்றைக் குறித்த விகிதத்தில் கலந்து ஆலைக்கு ஊட்டத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஊட்டத்தின் (ஆலைக்குள் போகும் தாதுவின்) தரம், அதாவது அதில் உள்ள உலோகச் சதவீதம், முன்பைவிடச் சீராக வருகிறது, ஆனாலும் மீட்பு, அதாவது அந்த உலோகத்தில் கைக்கு வரும் பங்கு, எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை, சில வாரங்களில் குறைந்தும்விட்டது, இது ஏன் என்பது உங்கள் கேள்வி. இரண்டு தாதுக்களைக் கலக்கும்போது அவற்றின் தரம் எளிய கணக்குப்படி சராசரியாகிவிடும்; மீட்புக்கு அந்தக் கணக்கு பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. மீட்பு என்பது தாது, நீர், வேதிப்பொருள், இயந்திரம் ஆகிய நான்கும் சேர்ந்து தரும் விளைவு. ஒரு தாதுவிலிருந்து கரையும் பொருள் அதே தொட்டியில் இருக்கும் மற்றொரு தாதுவின் நடத்தையையும் மாற்றிவிடும். எனவே தரத்தை மட்டும் வைத்துக் கலப்பு விகிதத்தை முடிவு செய்தால், சில சமயம் ஆதாயமும் சில சமயம் இழப்பும் வரும், எது எதனால் வந்தது என்பது தெரியாமலே போகும்.

காரணங்களுக்குப் போவதற்கு முன், மீட்பு உண்மையிலேயே உயர்ந்ததா குறைந்ததா என்பதைச் சரியாகக் கணக்கிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், ஏனெனில் பிழை பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. ஓர் உதாரணக் கணக்கு: 1.2 சதவீதம் செம்பு உள்ள தாது தனியே 92 சதவீத மீட்பும், 0.4 சதவீதம் செம்பு உள்ள தாது தனியே 75 சதவீத மீட்பும் தருவதாகக் கொள்வோம். இரண்டையும் சம எடையில் கலந்தால் எதிர்பார்க்க வேண்டிய மீட்பு 92-க்கும் 75-க்கும் நடுவில் உள்ள 83.5 அல்ல. ஒவ்வொரு தாதுவிலும் உள்ள உலோகத்தின் அளவைக் கொண்டு எடையிட்டுப் பார்த்தால், 1.6 பங்கு செம்பில் 1.404 பங்கு கிடைக்கிறது, அதாவது 87.75 சதவீதம். ஆலையில் 86 சதவீதம் வந்தால், எளிய சராசரியை வைத்திருப்பவர் கலப்பினால் இரண்டரை சதவீதம் ஆதாயம் என்று மகிழ்வார். உண்மையில் அவர் ஒன்றே முக்கால் சதவீதத்தை இழந்திருக்கிறார். கலப்பைப் பற்றிய எந்த விவாதத்தையும் இந்தக் கணக்கைச் சரிசெய்யாமல் தொடங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, தரத்தைச் சீராக்குவது மட்டுமே மீட்பை உயர்த்துமா என்ற கேள்வி. தாதுவின் தரம் எதுவானாலும் கழிவுச்சேற்றில் எப்போதும் 0.10 சதவீதம் செம்பு தங்கிவிடும் ஓர் ஆலையை எண்ணிப் பாருங்கள். கழிவின் எடை ஏறக்குறைய ஊட்டத்தின் எடையே என்று கொண்டால், 1 சதவீதத் தாதுவில் மீட்பு 90, 0.5 சதவீதத் தாதுவில் 80. இரண்டையும் தனித்தனியே ஓட்டினாலும், கலந்து 0.75 சதவீதமாக ஓட்டினாலும், கையில் கிடைக்கும் மொத்தச் செம்பு ஒன்றுதான். இத்தகைய ஆலையில் கலப்பினால் ஒரு கிலோகூட அதிகம் வராது. கலப்பு பயன் தருவது, ஊட்டத்தின் தரம் ஏற ஏறக் கழிவின் தரம் மேன்மேலும் வேகமாக ஏறும் இடத்தில்தான். உதாரணமாக, 0.5 சதவீத ஊட்டத்தில் கழிவு 0.08, 1.0 சதவீதத்தில் 0.11, 1.5 சதவீதத்தில் 0.20 என்று இருந்தால், 0.5-க்கும் 1.5-க்கும் இடையே ஊசலாடும் ஆலை சராசரியாக 0.14 சதவீதத்தைக் கழிவில் விடும். சீராக 1.0 ஊட்டினால் 0.11 மட்டுமே போகும். மீட்பு 86-லிருந்து 89-க்கு ஏறுகிறது. உயர் தரத்தில் கழிவு இப்படித் தாவுவதற்குக் காரணம் உண்டு. சேற்றுக்குள் காற்றூதிக் கனிமத்தை நுரையோடு மேலெழுப்பிப் பிரிக்கும் மிதப்புத் தொட்டியில், நுரை சுமக்கக்கூடிய கனிமத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. கனிமத்தைக் குமிழில் ஒட்டவைக்கும் சேகரிப்பான் வேதிப்பொருளின் அளவு சராசரித் தரத்துக்கு ஏற்பவே வைக்கப்பட்டிருக்கும். பம்புகளும், பிரித்தெடுத்த செறிவான அடர்தாதுவைத் தேக்கும் தொட்டிகளும் ஓரளவுக்குமேல் ஏற்காது. உங்கள் ஆலை இந்த எல்லைகளை ஒருபோதும் தொடுவதில்லை என்றால், தரம் சீரானதற்கு மீட்பு அசையாமல் நிற்பதில் வியப்பில்லை.

இதோடு கால அளவையும் பார்க்க வேண்டும். நுரை மிதப்புப் பிரிவில் சேறு தங்கும் நேரம் பெரும்பாலும் அரை மணி நேரத்தையொட்டியது. ஆகவே மணிக்கு மணி வரும் ஏற்ற இறக்கம் அதை நேரடியாகத் தாக்கும். இயக்குபவர் காற்றையும் வேதிப்பொருளையும் மாற்றி முடிப்பதற்குள் அடுத்த தாது வந்துவிடும். சயனைடு கரைசலால் தங்கத்தைக் கரைத்தெடுக்கும் வேதிக்கழுவுதலில் சேறு ஒரு நாளையொட்டித் தொட்டிகளில் தங்குவதால், மணிக்கணக்கான ஏற்ற இறக்கத்தைத் தொட்டிகளே கரைத்துவிடுகின்றன; அங்கே பல நாட்கள் நீளும் மாற்றமே முக்கியம். ஒரு மாதச் சராசரியைச் சீராக்கிவிட்டு ஒவ்வொரு பணிமுறைக்குள்ளும் லாரிக்கு லாரி தரம் தாவுவதைக் கவனிக்காமல் விட்டால், அறிக்கையில் அழகாகத் தெரியும் கலப்பை மிதப்புத் தொட்டி உணரவே உணராது.

இனி உங்கள் மீட்பு குறைந்ததற்கு நான் முதலில் ஐயப்படும் காரணத்துக்கு வருகிறேன்: ஒன்றையொன்று கெடுக்கும் தாதுக்களைச் சேர்த்திருக்கலாம். தங்கத்தில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, இயற்கையான கரிமப் பொருள் கலந்த தாது. அமெரிக்காவில் நெவாடாவின் கார்லின் பகுதித் தாதுக்கள் இந்தக் குணத்துக்குப் பெயர்போனவை. சயனைடு கரைசல் தங்கத்தைக் கரைத்த உடனே தாதுவில் உள்ள கரிமம் அதை உறிஞ்சிக்கொண்டு கழிவோடு போய்விடும். இதைத் தனியே ஓட்டும்போது இழப்பு அந்தத் தாதுவின் தங்கத்தோடு நிற்கும். நல்ல தாதுவோடு கலந்துவிட்டால், நல்ல தாது கரைசலுக்குள் விட்ட தங்கமும் அதே கரிமத்தின் முன்னே வந்து நிற்கிறது. தனியே நல்ல மீட்பு தந்த தாதுவின் பங்கும் சரிவது இதனால்தான். கழுவும் தொட்டியிலேயே செயலூட்டிய கரியைப் போட்டு, தாதுவின் கரிமத்தோடு போட்டியிடவைக்கும் முறை இழப்பைக் குறைக்கும். அப்போது கரிமத் தாதுவை மிகச் சிறிய பங்காக நுழைப்பது சாத்தியமாகிறது. எவ்வளவு சிறிய பங்கு என்பதைச் சோதனையே சொல்ல வேண்டும். தங்கத்தின் தரத்தைப் பார்த்து அதை ஊகிக்க வழியே இல்லை.

செம்பு கலந்த தங்கத் தாதுவிலும் இதே வகையான தொல்லை உண்டு. மாலகைட், அசுரைட், சால்கோசைட் போன்ற செம்புக் கனிமங்கள் சயனைடில் எளிதாகக் கரையும். மற்றொரு செம்புக் கனிமமான சால்கோபைரைட் மிகக் குறைவாகவே கரையும். கரையும் ஒவ்வொரு கிலோ செம்பும், மூன்று சயனைடு கொண்ட சேர்மமாக மாறும்போது, ஏறத்தாழ 2.3 கிலோ சோடியம் சயனைடைக் கட்டிப்போடுகிறது. எனவே மொத்தச் செம்பின் அளவை மட்டும் பார்த்து இரண்டு குவியல்களை ஒன்றெனக் கருதுவது தவறு. சயனைடில் கரையும் செம்பு எவ்வளவு என்பதைத் தனியே அளக்க வேண்டும். பைரோடைட் என்ற இரும்புச் சல்பைடு மிகுந்த தாது வேறு வழியில் கெடுக்கிறது. அது கரைசலின் ஆக்சிஜனையும் சயனைடையும் ஒருசேர விழுங்குவதால், அதே தொட்டியில் இருக்கும் எளிய தாதுவின் தங்கம்கூட மெதுவாகவே கரையும். அப்படிப்பட்ட தாதுவைத் தனியே முன்கூட்டிக் காற்றேற்றிப் பதப்படுத்தினால் அது அடங்கும். கலந்துவிட்டால் முழு ஓட்டத்தையும் பதப்படுத்த வேண்டி வரும்.

மிதப்பு ஆலைகளில் ஆக்சைடு செம்பும் சல்பைடு செம்பும் சேர்வதே பெரிய சிக்கல். ஆக்சைடு வகையில் சேர்க்கப்படும் மாலகைட்டை வழக்கமான சேகரிப்பானாகிய சாந்தேட் நன்றாகப் பிடிப்பதில்லை என்பதால், சோடியம் ஹைட்ரோசல்பைடு சேர்த்து அதன் மேற்பரப்பைச் சல்பைடாக மாற்றுவார்கள். ஆனால் அந்த வேதிப்பொருள் சற்று மிகுந்தால் சல்பைடு கனிமங்களே மிதக்காமல் அடங்கிவிடும். கலப்பில் ஆக்சைடின் பங்கு மணிக்கு மணி மாறினால், ஒரு கனிமத்துக்குப் போதாத அளவும் மற்றதற்கு மிகுதியான அளவும் மாறிமாறி வந்துகொண்டே இருக்கும். ஈயம், துத்தநாகத் தாதுக்களில் சால்கோசைட் போன்ற இரண்டாம்நிலைச் செம்புக் கனிமங்கள் உள்ள குவியலைச் சேர்த்தால், அவற்றிலிருந்து கரையும் செம்பு அயனிகள் துத்தநாகக் கனிமமான ஸ்பேலரைட்டின் மேல் படிந்து அதைத் தவறான நேரத்தில் மிதக்கவைக்கும். துத்தநாகம் ஈய அடர்தாதுவுக்குள் ஏறிவிடும். உலோகம் கழிவுக்குப் போகாவிட்டாலும் தவறான அடர்தாதுவில் போய்ச் சேர்ந்தது இழப்பே. டால்க் மிகுந்த நிக்கல் தாதுவும் அப்படியே: இயல்பாகவே நீரை வெறுக்கும் அந்தக் கனிமம் நுரையில் ஏறிக்கொள்வதால், அதை அடக்கப் போடும் பொருளின் செலவு முழு ஓட்டத்துக்கும் விழுகிறது.

எல்லாக் கலப்பும் இப்படிக் கெடுவதில்லை என்பதையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். களிமண் மிகுந்த மேலடுக்கு ஆக்சைடுத் தாது தனியே ஓடும்போது சேறு கஞ்சியாகத் தடித்துவிடும்; சல்லடை அடைபடும், துகளை அளவுவாரியாகப் பிரிக்கும் சுழற்பிரிப்பானின் பிரிப்பு எல்லை மாறும், காற்றுக் குமிழ்கள் பரவா, செயலூட்டிய கரி தொட்டியில் சீராகக் கலக்காது. அதையே கடினமான அடிப்பாறைத் தாதுவோடு அளவாகச் சேர்த்தால் தடிப்பு இறங்குகிறது, அரைவையின் மின்சக்தியும் முழுதாகப் பயன்படுகிறது, இரண்டையும் தனித்தனியே ஓட்டிய கணக்கைவிட நல்ல முடிவும் வரலாம். சல்பைடுக்குள் சிக்கிய தங்கத்தை விடுவிக்க உயரழுத்தக் கலனில் ஆக்சிஜனேற்றம் செய்யும் தங்க ஆலைகள் இன்னும் தெளிவான பாடம். அங்கே கலன் தன் வெப்பத்தில் தானே ஓடுவதற்குச் சல்பைடு கந்தகம் ஒரு குறுகிய எல்லைக்குள் வர வேண்டும். கார்பனேட் மிகுந்தால் அது கந்தகம் தரும் அமிலத்தை உண்டு, கார்பன் டை ஆக்சைடை வெளிவிட்டு, வெளியேற்றும் வாயுவோடு ஆக்சிஜனையும் வீணாக்கும். ஆகவே அந்த ஆலைகளில் கலப்பு விகிதம் கந்தகத்தையும் கார்பனேட்டையும் வைத்தே முதலில் முடிவாகிறது, தங்கத்தின் தரம் அதற்குப் பின்னரே வருகிறது. லாட்டரைட் நிக்கலை உயரழுத்தத்தில் அமிலத்தால் கரைக்கும் ஆலையிலும் அமிலத்தை உண்ணும் மக்னீசியமும் அலுமினியமும் இப்படியே கலப்பை ஆள்கின்றன. எந்தக் குணம் ஆலையைத் திணறவைக்கிறதோ அந்தக் குணத்தைச் சராசரியாக்குவதே கலப்பின் வேலை என்பதை இந்த ஆலைகள் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கின்றன. அடர்தாதுவில் ஆர்செனிக்கைக் கட்டுப்படுத்தக் கலப்பதும் இந்த வகையே; சீனாவுக்குள் வரும் செம்பு அடர்தாதுவில் ஒரு வரம்புக்குமேல் ஆர்செனிக் இருக்கக்கூடாது என்ற விதியால், எனார்ஜைட் என்ற ஆர்செனிக் கொண்ட செம்புக் கனிமம் உள்ள குவியல்களைச் சிறுகச் சிறுக நுழைப்பது விற்பனைக்கே தேவையாகிறது.

கடினத்தன்மையை இங்கே சுருக்கமாகத் தொட்டுச் செல்கிறேன். அரைக்கத் தேவையான மின்சக்தியைக் காட்டும் பாண்ட் அரைப்புக் குறியீடு டன்னுக்கு 10 கிலோவாட் மணி உள்ள தாதுவும் 18 உள்ள தாதுவும் மாறிமாறி வந்தால், மணிக்கு அரைக்கும் டன் அளவு அல்லது துகள் நுண்மை, இரண்டில் ஒன்று ஆடியே தீரும். கலந்து ஊட்டினால் இந்த ஆட்டம் அடங்கும். ஆனால் ஒரே அரைவைக்குள் கடினமான துகள் திரும்பத் திரும்பச் சுற்றிவருவதும், மென்மையானது தேவைக்குமேல் பொடியாவதும் கலப்போடு சேர்ந்தே வரும். பெரும்பாலான சல்பைடுகள் ஏறத்தாழ 20 முதல் 100 மைக்ரான் வரையான அளவில் நன்றாக மிதக்கும். 10 மைக்ரானுக்குக் கீழே மீட்பு இறங்கத் தொடங்கும். கனமும் மென்மையும் கொண்ட, ஈயச் சல்பைடான கலீனா போன்ற கனிமம் இந்த வலையில் எளிதில் சிக்கும். கழிவைத் துகள் அளவுவாரியாகச் சோதித்தால் இழப்பு எந்த முனையில் நேர்கிறது என்பது ஒரு நாளிலேயே தெரிந்துவிடும்.

கலப்பு உண்மையில் நடக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. நீளமான குவியலின் முகட்டில் முன்னும் பின்னுமாகப் பல அடுக்குகளாகக் கொட்டி, முழுக் குறுக்குவெட்டையும் ஒருசேரச் சுரண்டி எடுக்கும் முறையில், அடுக்குகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக இருந்தால், திட்ட விலக்கம் அடுக்குகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுபடும். நூறு அடுக்குகளில் 0.30 என்பது 0.03 ஆகும். நடைமுறையில் அப்படி ஆவதில்லை, ஏனெனில் சுரங்கத்தின் ஒரே முகப்பிலிருந்து அடுத்தடுத்து வரும் தாது ஒன்றையொன்று ஒத்திருக்கும். எனவே நூறு அடுக்குகள் சுதந்திரமான நூறாக இருப்பதில்லை. முகட்டில் கொட்டும்போது பெரிய கற்கள் சரிவில் உருண்டு அடியில் சேர்வதும், குவியலின் இரு முனைகளிலும் கூம்பு வடிவப் பகுதி சரியாகக் கலக்காமல் நிற்பதும் கூடுதல் குறைகள். மிகப் பல ஆலைகளில் இத்தகைய இயந்திரம் இருப்பதும் இல்லை. அவை விரல்கள் போல் பிரித்த குவியல்களிலிருந்து லோடரால் மூன்றுக்கு இரண்டு என்று அள்ளி நொறுக்கியில் போடுகின்றன. இதிலும் நல்ல கலப்பு வரும். ஆனால் மூன்று மணி நேரம் ஒரு குவியல், இரண்டு மணி நேரம் மற்றொன்று என்று அள்ளினால் விகிதம் காகிதத்தில் மட்டுமே இருக்கும். வாளிக்கு வாளி மாற்ற வேண்டும், இயக்குபவருக்கு அதன் காரணத்தையும் விளக்கிச் சொல்ல வேண்டும். நொறுக்கிக்கும் அரைவைக்கும் இடையே உள்ள கூம்புக் குவியலைக் கலப்புக் குவியல் என்று எண்ணிவிடாதீர்கள். மட்டம் தாழும்போது ஓரத்துப் பெருங்கற்கள் ஒருசேர இறங்கி அரைவையைத் திணறடிப்பதே அதன் இயல்பு.

குவியலின் வயதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சல்பைடுத் தாது திறந்த வெளியில் கிடக்கும் ஒவ்வொரு மழைக்காலமும் அதன் மேற்பரப்பை மாற்றுகிறது. பைரோடைட் உள்ளது மிக விரைவாக ஆக்சிஜனேற்றம் அடையும். தோண்டிய அன்று செய்த சோதனையின் மீட்பு எண்ணை வைத்துப் பல ஆண்டு கிடந்த குறைதரத் தாதுவை இன்றைய கலப்பில் சேர்ப்பது, நான் கண்ட தவறுகளில் அடிக்கடி நிகழ்வது. அதிலிருந்து கரைந்து வரும் இரும்பும் செம்பும் அமிலமும் சுண்ணாம்புச் செலவை ஏற்றுவதோடு, புதிய தாதுவின் மிதப்பையும் குழப்பும். அந்தப் பழைய குவியலின் சரிவில் கைக்கு எட்டிய இடத்தில் எடுத்த மாதிரியும் உதவாது. மாதிரியெடுத்தலின் கோட்பாட்டை உருவாக்கிய பிரெஞ்சு அறிஞர் ப்யேர் ஜீ காட்டியபடி, அடிப்படைப் பிழையின் பரவற்படி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) பெரிய துகளின் விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்திலும் மாதிரியின் எடைக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். துகள் இருமடங்கு பெரிதானால் அதே நம்பகத்துக்கு எட்டு மடங்கு மாதிரி வேண்டும். ஆகவே நொறுக்கிய பின் ஓடும் பட்டையின் முழு வெட்டில் எடுக்கும் மாதிரியையே நம்புங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், ஒவ்வொரு குவியலிலிருந்தும் அத்தகைய கூட்டு மாதிரி எடுத்து, ஒவ்வொன்றையும் தனியாகவும், சந்தேகத்துக்குரிய ஒவ்வொரு இணையையும் 25, 50, 75 சதவீதக் கலப்புகளாகவும், ஆலையின் சுழற்சி நீரையே பயன்படுத்தி, ஒவ்வொரு சோதனையையும் குறைந்தது இரண்டு முறை செய்வேன். உலோக எடையிட்ட எதிர்பார்ப்புக்கும் கிடைத்த மீட்புக்கும் உள்ள வேறுபாடு, அதே சோதனையைத் திரும்பச் செய்யும்போது வரும் வேறுபாட்டைவிடச் சிறிதாக இருந்தால், அந்த இணையைத் தரத்தை வைத்தே தாராளமாகக் கலக்கலாம். வேறுபாடு எதிர்மறையாகத் தெளிவாகத் தெரிந்தால் அந்தத் தாதுவைத் தனிக் குவியலில் ஒதுக்கி, பெயர்ப்பலகை வைத்து, அதற்கென்று தனி வேதிப்பொருள் அளவோடு சில நாட்கள் தொடர்ச்சியாக ஓட்டுவதே நல்லது. ஆனால் அப்படி மாற்றும் ஒவ்வொரு முறையும், தொட்டிகளிலும் சுழற்சி நீரிலும் பழையது வெளியேறும்வரை சில மணி நேர இழப்பு உண்டு என்பதால், ஓட்டம் மிகச் சிறியதாகவும் இருக்கக்கூடாது.

ஆலையில் சோதிக்கும்போது கலந்த வாரத்தையும் கலக்காத வாரத்தையும் அருகருகே மாற்றிமாற்றி வைத்து ஒப்பிடுங்கள். ஊட்டத்தின் தரத்தோடு மீட்பு தானாகவே ஏறி இறங்குவதால், மீட்புச் சதவீதத்தை அல்லாமல், ஒரே ஊட்டத் தரத்தில் கழிவின் தரம் எப்படி மாறியது என்பதையே பாருங்கள். நீங்கள் குறிப்பிட்ட அந்தக் குறைந்த வாரங்களின் கழிவு மாதிரிகள் இன்னும் கையில் இருந்தால், புதிய சோதனை எதையும் தொடங்குமுன் அவற்றின் கரிமத்தையும், சயனைடில் அல்லது அமிலத்தில் கரையும் செம்பையும், துகள் அளவுவாரியான இழப்பையும் அளந்துவிடுங்கள். எந்தக் குவியல் அந்த வாரங்களில் உள்ளே வந்தது என்ற லாரிப் பதிவோடு அவற்றைச் சேர்த்துப் பார்த்தால், முதலில் சோதிக்க வேண்டிய இணை எது என்பது தெரிந்துவிடும்.